ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்டக் காணொலி நூலகம்: வடசென்னைச் சட்ட மாணவர்களுக்காக ஒரு மதிப்பீடு

ஐக்கிய நாடுகள் சபை 2008இல் தொடங்கிய இந்த இணைய நூலகத்துக்குக் கட்டணம் கிடையாது. வரலாற்று ஆவணக் காப்பகம், விரிவுரைத் தொடர், ஆய்வு நூலகம் என மூன்று பகுதிகள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே விரிவுரைக்குப் போய்விடுகிறார்கள். பேசுபவர் சரத்து எண்களையும் வழக்குப் பெயர்களையும் கேட்பவருக்குத் தெரிந்ததாகவே வைத்துக்கொண்டு பேசுவார். பத்து நிமிடத்தில் பிடி நழுவும். ‘நமக்கு இது வராது’ என்று மூடிவிடுவார்கள்.

நுழைய வேண்டிய வாசல் ஆவணக் காப்பகம். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் அறிமுகக் குறிப்பு, உருவான வரலாறு, ஆவணங்கள் என்று தனித்தனிப் பக்கங்கள் உண்டு. அந்த வரிசையிலேயே படியுங்கள். குறிப்பை எழுதியவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். கடல் சட்ட உடன்படிக்கைக்கு எழுதியவர் துல்லியோ திரேவெஸ், ஹாம்பர்க் கடல் சட்டத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்தவர். ஓர் அரசு பன்னாட்டுச் சட்டத்தை மீறினால் அதற்கு எப்படிப் பொறுப்பாகும் என்று சொல்லும் அரசுப் பொறுப்பு விதிகளுக்கு எழுதியவர் ஜேம்ஸ் கிராஃபோர்ட், அவ்விதிகளையே முடித்துக் கொடுத்தவர்.

ஒரு பன்னாட்டுச் சட்ட அறிஞரின் வாழ்க்கை எப்படி நகர்கிறது என்று பார்க்க கிராஃபோர்டைப் பின்தொடர்வதே நல்ல வழி. 1948இல் அடிலெய்டில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் செய்த முனைவர் ஆய்வு, அரசுகள் எப்படி உருவாகின்றன என்பதைப் பற்றிய புத்தகமாக 1979இல் வந்தது. 1992இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர். அதே ஆண்டு, பன்னாட்டுச் சட்ட விதிகளை வரைந்து கொடுக்கும் ஐ.நா. அமைப்பான பன்னாட்டுச் சட்ட ஆணையத்தின் உறுப்பினர். அரசுப் பொறுப்பு என்ற தலைப்பு அவருக்கு முன் நான்கு சிறப்பு அறிக்கையாளர்களின் (ஒரு தலைப்பை ஆய்ந்து வரைவு எழுத ஆணையம் நியமிப்பவர்கள்) கைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தது. 1997இல் பொறுப்பேற்ற அவர் நான்கு அறிக்கைகள் எழுதி, 2001இல் 59 சரத்துகளாக முடித்தார். 2015இல் ஹேக்கில் பன்னாட்டு நீதிமன்ற நீதிபதியானார். பதவியில் இருக்கும்போதே 2021இல் மறைந்தார்.

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ‘உருவான வரலாறு’ பக்கத்தைத் தாண்டிப் போவார்கள். எதிர்கால ஆய்வாளருக்கு அதுதான் முக்கியம். ஏ/சிஎன்.4 என்று தொடங்கும் எண்கள் ஆணையத்தின் ஆவணங்கள். ஏ/ஆர்இஎஸ் என்றால் பொதுச்சபைத் தீர்மானம். இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகினாலே எந்த வரி எந்த ஆண்டில் ஏன் மாறியது என்று நீங்களே தேடி எடுக்கலாம். அடிக்குறிப்பிலும் மூல ஆவணத்தின் எண்ணையே கொடுங்கள், நூலகத்தின் பக்கத்தை அல்ல.

சட்டத் தத்துவத்தில் இந்த நூலகம் மெலிவு. ஜூரிஸ்புருடன்ஸ் தாளுக்கு ஆஸ்டின், கெல்சன், ஹார்ட் போன்ற சட்டத் தத்துவ அறிஞர்களைப் படிக்க இதை நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றமே. ஆனால் தத்துவக் கேள்வி இங்கேயே கிடக்கிறது. அந்த 59 சரத்துகள் ஒப்பந்தம் ஆகவில்லை. 2001 டிசம்பர் 12 அன்று பொதுச்சபை 56/83 தீர்மானத்தில் அவற்றைக் கவனத்தில் கொண்டது, அவ்வளவுதான். அதற்கும் நான்கு ஆண்டுகள் முன்னரே, 1997இல், ஹங்கேரி-ஸ்லோவாக்கியா அணை வழக்கில், வரைவாக இருந்த ‘அவசியம்’ என்ற சரத்தை (பேராபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது ஓர் அரசு தன் கடமையை மீறலாம் என்பது) வழக்காற்றுச் சட்டமாக, அதாவது நாடுகளின் நடைமுறையிலிருந்து உருவாகும் சட்டமாக, எடுத்துக்கொண்டது பன்னாட்டு நீதிமன்றம். ஹங்கேரிக்காக வாதாடியவர்களில் கிராஃபோர்டும் ஒருவர்! கையெழுத்தே ஆகாத வரைவு எப்படிச் சட்டமானது? ஹார்ட் 1961இல் எழுதிய ‘சட்டம் என்னும் கருத்து’ நூலின் பத்தாம் அத்தியாயத்தை இந்தக் கேள்வியோடு படியுங்கள். எது சட்டம் என்று காட்டும் ஓர் அங்கீகார விதி பன்னாட்டுச் சட்டத்துக்கு இல்லை, அது விதிகளின் தொகுப்பு மட்டுமே என்றார் அவர். அணைத் தீர்ப்பை அருகில் வைத்தால் அவர் வாதம் எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று தெரியும்.

சட்டக் கல்லூரி 2018இல் உயர் நீதிமன்ற வளாகத்தை விட்டுப் போனபின், நம் பகுதிப் பிள்ளைகள் வியாசர்பாடி ஜீவாவிலோ பேசின் பிரிட்ஜிலோ ரயில் ஏறித் திருவள்ளூர் போய், அங்கிருந்து பட்டரைபெரும்புதூருக்குப் பேருந்து பிடிக்கிறார்கள். அந்த ஒரு மணி நேர ரயிலுக்கு விரிவுரையின் ஒலி வடிவம் போதும், டேட்டா மிச்சம். முந்தைய இரவு குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்க வேண்டும்.

குறைகளும் உண்டு. தமிழ் இல்லை. சான்றிதழ் தர மாட்டார்கள். குறிப்புகள் எழுதிய காலத்தோடு நின்றுவிடுகின்றன. நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலின் உயிர்வளம் பற்றி 2023இல் ஏற்கப்பட்ட ஒப்பந்தம் திரேவெஸின் குறிப்பில் இருக்காது. சந்தேகம் கேட்கவும் ஆள் இல்லை. அதனால் வரும் பிழைக்கு எண்ணூரே உதாரணம். 2017 ஜனவரி 28இல் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, அதைப் பற்றி எழுதச் சொன்னால் பலரும், கப்பல் மோதலில் எந்த நாடு குற்ற வழக்குத் தொடரலாம் என்று சொல்லும் கடல் சட்ட உடன்படிக்கையின் 97ஆம் சரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மோதல் என்ற சொல் அதில் இருக்கிறதே என்று. அந்தச் சரத்து எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்கானது. 58(2)ஆம் சரத்து வழியாகப் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்துக்கும் (ஆட்சிக் கடலுக்கு அப்பால் 200 கடல் மைல் வரை) வரும். எண்ணூர் மோதல் 12 கடல் மைலுக்குள், இந்தியாவின் இறையாண்மைக்கு உட்பட்ட ஆட்சிக் கடலில் நடந்தது. சரத்தைத் தொடுமுன் அது எந்தப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது என்று உடன்படிக்கையின் பொருளடக்கத்தைத் திறந்து பாருங்கள்: 97 இருப்பது ஏழாம் பகுதியில், ஆட்சிக் கடல் இரண்டாம் பகுதியில்.