ஒரு நிமிட ஓட்டத்தில் தொடங்கும் ‘கவுச் டு 5கே’: ஒரு மதிப்புரை

மாரத்தான் ஓடும் ஆசையை வீட்டில் சொன்னபோது, “முதல்ல பஸ்ஸைப் பிடிக்க ஓடிப் பாருங்க” என்றார் என் மனைவி. 46 வயதுவரை நாற்காலியில் உட்கார்ந்தே சம்பாதித்தவனுக்கு அது நியாயமான பதில்தான். ஆகவே 42.195 கிலோமீட்டரைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, ‘கவுச் டு 5கே’ (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டம்வரை) என்னும் 9 வாரத் திட்டத்தைக் கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் தொடங்கினேன்.

1996இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஐம்பதைக் கடந்த தம் தாயாரை ஓட வைப்பதற்காக வகுத்த திட்டம் இது. பின்னாளில் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையும் இதை ஏற்று இலவசமாக வழங்கிவருகிறது. வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. முதல் வாரத்தில் 5 நிமிட வேக நடைக்குப் பிறகு, ஒரு நிமிட ஓட்டமும் ஒன்றரை நிமிட நடையுமாக மாறி மாறி 20 நிமிடம், அவ்வளவுதான். அட்டவணையைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நேரம் பார்க்கக் கைக்கடிகாரமே போதுமானதாக இருந்தது. செலவெல்லாம் காலணிக்குத்தான். அதிலும், விரல் முன்னால் இடிக்கும் ஜோடியை ஒரு கடைக்காரர் என் தலையில் கட்டியதால் இரண்டு நகங்கள் கறுத்துப்போனது தனிக்கதை.

அந்த ஒரு நிமிடம் எளிதாகத் தோன்றியதால், இரண்டாம் வாரத்தில் ஓய்வு நாட்களிலும் ஓடினேன். விளைவாகக் கணைக்கால் எலும்பின் உட்புறம் விரல் பட்டாலே வலித்தது. பத்து நாள் வீட்டில் இருக்க நேர்ந்தது. நெஞ்சும் மூச்சும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடுகின்றன, ஆனால் எலும்பும் தசைநாணும் அவ்வளவு விரைவில் பழகுவதில்லை என்பதால்தான் இத்திட்டம் நம்மை இழுத்துப் பிடிக்கிறது என்பது அந்தப் பத்து நாளில் புரிந்தது. வேகத்துக்கும் அதன் பிறகு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன்: எதிரே வரும் பெரியவரிடம் நிற்காமலும் திணறாமலும் “வணக்கம்ங்க, சௌக்கியமா இருக்கீங்களா?” என்று கேட்க மூச்சு மிஞ்சவேண்டும்.

ஐந்தாம் வாரம்தான் இத்திட்டத்தின் கடினமான இடம். முதல் நாள் 5 நிமிட ஓட்டம் மூன்று முறை, இரண்டாம் நாள் 8 நிமிடம் இரண்டு முறை, மூன்றாம் நாளோ இடையில் நடையே இல்லாமல் ஒரே மூச்சில் 20 நிமிடம். தாளில் தவறாக எழுதிவிட்டேனோ என்று மறுபடியும் சரிபார்த்தேன். அன்று நான் ஓடிய அழகைப் பார்த்திருந்தால் சிரிப்பீர்கள். நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்மணிகள் பேசிக்கொண்டே என்னைக் கடந்து போனார்கள். இருந்தும் 20 நிமிடம் முடிந்தது. முந்தைய வாரங்களின் சலிப்பூட்டும் நிதானம் எதற்காக என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. பெயரில் 5 கிலோமீட்டர் இருந்தாலும், ஒன்பதாம் வாரம் முடிவது 30 நிமிட ஓட்டத்தில்தான். அதற்குள் 5 கிலோமீட்டரை எட்ட, கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகம் வேண்டும். ரேஸ் கோர்ஸில் ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். கடைசி நாளில் என் 30 நிமிடம், இரண்டாம் சுற்றின் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. மேலும், நம் ஊர் வெயிலை இந்த அட்டவணை அறியாது; ஏப்ரலில் தொடங்குபவர் காலை ஆறு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

மாரத்தானுக்கென்று தனியே உள்ள 16 முதல் 20 வாரப் பயிற்சிகள், ஏற்கெனவே தவறாமல் ஓடிவருபவர்களுக்கானவை. அந்த வாசல்வரை கொண்டுபோய் விடுவதற்கு இத்திட்டத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இப்போது வாரத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல், ஞாயிறுகளில் நான்கு சுற்று ஓடுகிறேன். மாரத்தானுக்கு ஏறத்தாழ 17 சுற்று வேண்டும். அந்தக் கணக்கை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.