இரையும் பழைய டீலக்ஸ் ரிவெர்ப்பா, சர்வீஸ் செய்ததா, ரீஇஷ்யூவா?

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கிட்டார் ஆம்ப் 1963-ல் வந்தது. 22 வாட், பின்பக்கம் இரண்டு 6வி6 அவுட்புட் வால்வு, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். 1967 வரை வந்தவை கறுப்பு முகப்புள்ள பிளாக்ஃபேஸ், அதன்பின் வெள்ளி முகப்புள்ள சில்வர்ஃபேஸ். இரைச்சலோடு ஒன்று மலிவாக விற்பனைக்கு வந்தால் மூன்று வழி இருக்கிறது: அதையே வாங்கிப் பழுது பார்ப்பது, யாரோ சர்வீஸ் செய்து வைத்ததைக் கூடுதல் விலைக்கு வாங்குவது, 1993 முதல் ஃபெண்டர் தயாரிக்கும் '65 ரீஇஷ்யூவை, அதாவது பழைய மாடலின் மறுதயாரிப்பை, எடுப்பது. இரைச்சல் இருக்கிறது என்பதற்காக மட்டும் முதல் வழியைக் கைவிட வேண்டாம். எந்த மாதிரி இரைச்சல் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதை விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

வால்யூம், ரிவெர்ப் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள். அப்போதும் தடித்த ஹம் (ரீங்காரம்) வந்தால் சந்தேகம், பவர் சப்ளையின் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கபாசிட்டர்கள்மேல். 16 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் அளவில் ஐந்து இருக்கும். எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் பல பத்தாண்டுகளில் உலர்ந்துபோவது இயல்பு. இந்த ஹம், மின்சாரத்தின் இரு மடங்கு அலைவெண்ணில் வரும்: அமெரிக்காவில் 120 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 100. இரண்டு 6வி6-ம் சமமாகக் கரண்ட் இழுக்காவிட்டாலும் இதே ஹம்தான் கேட்கும். ஆம்பை அணைத்து, பின்பக்கம் கடைசிச் சின்ன வால்வான 12ஏடி7-ஐ, அதாவது சிக்னலை இரண்டாகப் பிரித்து அவுட்புட் வால்வுகளுக்குத் தரும் ஃபேஸ் இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, ஆம்பை மறுபடி ஆன் செய்யுங்கள். ஹம் அப்படியே இருந்தால் பவர் சப்ளை அல்லது அவுட்புட் வால்வுகள். நின்றுவிட்டால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது.

வால்யூமை ஏற்றும்போது கூடவே ஏறும் 'ஸ்ஸ்' சத்தமும், எண்ணெய் பொரிவது போன்ற படபடப்பும் முன்பக்கக் கட்டமான ப்ரீஆம்ப்பின் வேலை. எதையும் சொருகாமலே சோதிக்கலாம். காலி ஜாக் தானே கிரவுண்டோடு சேர்ந்துவிடும். நல்லதென்று தெரிந்த ஒரு 12ஏஎக்ஸ்7 ப்ரீஆம்ப் வால்வைக் கையில் கொண்டு போய், இரையும் சேனலின் வால்வுக்குப் பதிலாக மாட்டிப் பாருங்கள். அடங்கினால் செலவு ஒரு வால்வோடு முடிந்தது. அடங்காவிட்டால் வால்வின் பிளேட்டுக்குப் போகும் 100 கிலோஓம் கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள்தான் முதல் சந்தேகம். 1 வாட் மெட்டல் ஃபிலிம் போட்டால் தீரும். ரிவெர்ப் குமிழைத் திருப்பும்போது மட்டும் ஹம் வந்தால் ரிவெர்ப் ஸ்பிரிங்குகள் உள்ள பெட்டியான டேங்குக்குப் போகும் ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு விட்டிருக்கும். மரக்குச்சியால் வால்வைத் தட்டும்போது 'ணங்' என்று ஸ்பீக்கரில் கேட்டால் அந்த வால்வு மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வையே ஒலியாக்குகிறது. இதுவரை சொன்ன எதற்காகவும் ஆம்பை ஒதுக்க வேண்டியதில்லை.

ஒதுக்க வேண்டிய இரைச்சலும் உண்டு. குளிர்ந்திருக்கையில் அமைதியாக இருந்து, சூடேறச் சூடேறப் படபடக்கிறது, வால்வு மாற்றியும் போகவில்லை என்றால், பாகங்கள் பொருத்தியிருக்கும் கறுப்பு ஃபைபர் போர்டே ஈரம் குடித்து மின்சாரம் கடத்த ஆரம்பித்திருக்கலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சேஸியிலும் (உலோகச் சட்டகம்) மறு முனையைப் போர்டின் வெற்றிடத்திலும் வைத்தால் அங்கே வோல்டேஜ் காட்டக் கூடாது. சில வோல்ட் காட்டினாலே கோளாறு. ஹேர் டிரையரால் உலர்த்திப் பார்க்கலாம், ஆனால் ஈரக்காற்றில் திரும்பி வரும். நிரந்தரத் தீர்வு போர்டையே மாற்றுவது. அத்தனை பாகங்களையும் கழற்றி மாட்ட வேண்டும். கடலோர ஊரில் இருப்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்து பவர் டிரான்ஸ்பார்மர். எல்லா வால்வையும், ஜிஇசட்34 ரெக்டிஃபையர் உட்பட, எடுத்துவிட்டு சீரிஸ் லேம்ப் (மின்பாதையில் தொடராக இணைத்த பல்பு) வழியாக மின்சாரம் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தாலோ, சுமையே இல்லாமல் டிரான்ஸ்பார்மர் சுட்டாலோ உள்ளே ஷார்ட். அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் 125ஏ1ஏ என்ற எண்ணும் 606-ல் தொடங்கும் தேதிக் குறியும் இருந்தால் அது அசல். பவர், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இரண்டும் அசலாக, நலமாக இருக்கும் இரையும் சில்வர்ஃபேஸ்தான் இந்த மூன்று வழிகளில் பணத்துக்கு அதிகம் தருவது என்பேன்.

சேஸியைத் திறப்பவர்களுக்கு: அணைத்த பிறகும் ஃபில்டர் கபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். இரண்டு முள் ஒயர் இருந்தால் மூன்று முள்ளாக மாற்றி, மெயின்ஸுக்கும் சேஸிக்கும் நடுவில் உள்ள 0.047 மைக்ரோஃபாரட் கபாசிட்டரை வெட்டி எறியுங்கள். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியில் மின்சாரம் வரும்.

சர்வீஸ் செய்தது என்று சொல்லி விற்பதை, செய்த வேலையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஃபில்டர் கபாசிட்டர் ஐந்தும், பயாஸ் கபாசிட்டரும், வால்வுகளின் கேத்தோடில் உள்ள 25 மைக்ரோஃபாரட் கபாசிட்டர்களும் மாறியிருக்க வேண்டும். பிளேட்டில் 415 வோல்ட் இருந்தால் ஒவ்வொரு 6வி6-க்கும் சுமார் 20 மில்லிஆம்ப் பயாஸ் (வாசிக்காதபோது வால்வு இழுக்கும் கரண்ட்) சரியாக இருக்கும்; அளவைக் கேளுங்கள், சொல்லத் தெரியாதவரிடம் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும் நீல நிறக் கப்ளிங் கபாசிட்டர்களைக் காரணமில்லாமல் பிடுங்கியிருந்தால் அந்த மெக்கானிக் பாகத்தைச் சோதிக்காமல் மாற்றுபவர்.

ரீஇஷ்யூவும் பழைய ஏபி763 சர்க்யூட்டைத்தான் பின்பற்றுகிறது, ஆனால் பிரின்டட் சர்க்யூட் போர்டில். 'ஸ்ஸ்' இரைச்சல் குறைவு. சின்ன வால்வுகளின் சாக்கெட் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருப்பதால் வால்வை முரட்டுத்தனமாகப் பிடுங்கினால் சால்டர் விடும்; பழையதில் சாக்கெட் சேஸியில் இருக்கும், பழுது பார்ப்பதும் எளிது. 1990-களின் ரீஇஷ்யூ என்றால் அதன் கபாசிட்டர்களுக்கும் வயதாகிவிட்டது, 'புதுசு' என்ற கணக்கில் விலை பேசாதீர்கள்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்குபவருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற பழைய ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. 300 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் ஓடும். 50 ஹெர்ட்ஸில் பவர் டிரான்ஸ்பார்மர் சற்றுக் கூடுதலாகச் சுடும். கிரவுண்டு ஒயர் ஸ்டெப்-டவுனைத் தாண்டி ஆம்ப் வரை தொடர்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள். அருகில் வால்வு தெரிந்த மெக்கானிக் இல்லாதவருக்கு 230 வோல்ட் ரீஇஷ்யூதான் பொருத்தம்.

2019-ல் வந்த டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப்பில் வால்வே கிடையாது, முழுக்க டிஜிட்டல். எடை சுமார் 10 கிலோ, ஓசையை 0.2 வாட் வரை குறைக்கலாம். அடுக்குமாடி வீட்டில் இரவில் வாசிப்பவருக்கு அதைச் சொல்வேன். ஆனால் அதன் போர்டு பழுதானால் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து சரி செய்துவிட முடியாது.