பூட்டோடு 17 வருடக் குடித்தனம்

போன மாதம் வீடு மாறும்போது பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே 14 கேம் டப்பா, எல்லாமே ஒரிஜினல், 2008-இல் முதல் சம்பளம் வந்த மாதத்தில் தொடங்கி 2013 வரை கோயம்புத்தூரில் காசு சேர்த்துச் சேர்த்து வாங்கியவை. எடைக்குப் போட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். மனசு வரவில்லை. இப்போதைய கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவே கிடையாது என்பதால் யூஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றைத் தனியாக வாங்கி, ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து 14 டிஸ்க்கையும் போட்டுப் பார்த்தேன்.

நேராக ஓடியவை 4. நெட்டில் தேடி ஏதேதோ நோண்டி ஓட வைத்தவை 3. கீறல் விழுந்து டிஸ்க்கே செத்துப்போனவை 2. மீதி 5 இருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். டிஸ்க் புத்தம்புதுசாகப் பளபளக்கிறது, கடைசி ஃபைல் வரை ஒழுங்காக இன்ஸ்டால் ஆகிறது, ஐகானைத் தட்டினால் மட்டும் திறக்காது. கேமுக்கு ஒரு குறையும் இல்லை. நகலெடுக்காமல் தடுக்க அதன் மேல் போட்ட பூட்டுக்குச் சாவி கொடுக்க இப்போது ஆள் இல்லை.

என் சொந்தக் கதையில் வரும் கேம், கம்பெனி பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஊரறிந்த சமாச்சாரங்களை மட்டும் பெயரோடு சொல்கிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். 2008-க்கு முன்னால் நானும் யோக்கியன் கிடையாது. காலேஜ் நாட்களில் மார்க்கரில் பெயர் எழுதிய 60 ரூபாய் டிவிடிதான். உள்ளே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும்: இன்ஸ்டால் பண்ணு, கிராக் ஃபோல்டரில் இருக்கும், பூட்டை உடைத்த ஃபைலை எடுத்து கேம் ஃபோல்டரில் போடு, விளையாடு. அவ்வளவுதான். டிஸ்க்கைக்கூட அப்புறம் நண்பனிடம் கொடுத்துவிடலாம். வேலை கிடைத்ததும் இனிமேல் காசு கொடுத்துத்தான் வாங்குவது என்று ஒரு வைராக்கியம் வந்தது. 999 ரூபாய்க்கு ஒரு டப்பாவைக் கேட்டபோது கடைக்கார அண்ணன் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே, "நெஜமாவே ஒரிஜினலா தம்பி?" என்று இன்னொரு முறை கேட்டார். அந்தக் கேள்வியின் அர்த்தம் வீட்டுக்கு வந்துதான் புரிந்தது.

ஏனென்றால், ஒவ்வொரு முறை விளையாடும்போதும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். முழு கேமும் ஹார்ட் டிஸ்க்கில் ஏறிவிட்ட பிறகும்! அன்று புழக்கத்தில் இருந்த சேஃப்டிஸ்க், செக்யூரோம் போன்ற பூட்டுகள் எல்லாம் அடிப்படையில் செய்தது இதைத்தான். டிஸ்க்கை அச்சடிக்கும்போதே சாதாரண ரைட்டரால் நகலெடுக்க முடியாத மாதிரி சில இடங்களில் ஒரு அடையாளம் வைத்துவிடுவார்கள், கேம் திறக்கும்போது அந்த அடையாளம் இருக்கிறதா என்று டிரைவைத் தடவிப் பார்க்கும். என் டிரைவ் கொஞ்சம் பழசு. ஐகானைத் தட்டியதும் கிர்ர்ர் என்று சுழல ஆரம்பிக்கும், நிற்கும், மறுபடி சுழலும், அரை நிமிடம் கழித்து "சரியான டிஸ்க்கைச் செருகவும்" என்று வரும். உள்ளே இருப்பது சரியான டிஸ்க்தான். வெளியே எடுத்து, பனியன் துணியில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, மறுபடி போட்டால் மூன்றாவது தடவை வேலை செய்யும். அந்தக் கீறல் விழுந்து செத்த 2 டிஸ்க்கும் இப்படிப் போட்டு எடுத்துத் துடைத்தே செத்தவை. வீட்டுச் சாவியைத் தினமும் வாசலில் நின்று தேய்த்துக் காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்றால் சாவி தேயாமல் என்ன செய்யும்?

அடுத்து வந்தது ஆக்டிவேஷன். டிஸ்க்கோடு போகட்டும் என்றில்லாமல், நெட்டில் ஒரு முறை பதிவு செய்ய வேண்டும், அதுவும் இத்தனை முறைதான் என்று கணக்கு. 2008 செப்டம்பரில் ஸ்போர் என்ற கேம் வந்தபோது 3 கம்ப்யூட்டருக்கு மேல் கிடையாது என்று வைத்தார்கள், அமேசானில் ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கிழித்தார்கள், அப்புறம் அதை 5 ஆக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், கடைக்கு வரும் முன்பே திருட்டுப் பிரதி நெட்டில் வந்துவிட்டது. கணக்குப் பார்த்து எண்ணிக் கொடுத்ததெல்லாம் காசு கொடுத்தவனுக்குத்தான்.

3 முறை போதாதா என்று கேட்பவர்கள் அன்றைய நம் ஊர்க் கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை. வைரஸ் வந்தால் ஃபார்மேட், மெதுவானால் ஃபார்மேட், மாமா பையன் வந்து ஏதாவது அமுக்கிவிட்டுப் போனால் ஃபார்மேட். ஆறு மாதத்துக்கு ஒரு முறை விண்டோஸ் போடுவது பண்டிகை மாதிரி. இதற்கு நடுவில் வோல்டேஜ் ஏறி இறங்கி ஒரு மதர்போர்டு வேறு போனது. பூட்டின் கண்ணுக்கு ஒவ்வொன்றும் புதுக் கம்ப்யூட்டர். ஒன்றரை வருடத்தில் என் மூன்றும் தீர்ந்தது. கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். வாங்கிய ரசீதும், சீரியல் நம்பர் இருக்கும் பக்கத்தில் அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணைக் கையால் எழுதிப் படமெடுத்தும் அனுப்பச் சொன்னார்கள். மேனுவலின் பின்னட்டையில் நீல பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, நண்பனின் செல்போனில் படமெடுத்து அனுப்பினேன். 11 நாள் கழித்து ஒரே ஒரு ஆக்டிவேஷன் பிச்சை போட்டார்கள். அந்த மேனுவல் இப்போது பெட்டியில் கிடைத்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று புகார் எண்கள். மூன்றாவதற்குப் பதிலே வரவில்லை.

இது நம் ஊர் ஃபார்மேட் வியாதி மட்டும் இல்லை. 2012 தொடக்கத்தில் ஆனோ 2070 கேமை வைத்து கிராஃபிக்ஸ் கார்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு இணையதளத்துக்கு இதே கதி. கார்டை மாற்றினாலே புதுக் கம்ப்யூட்டர் என்று எண்ணி, பாதி வேலையில் பூட்டிக்கொண்டது. கார்டுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தமோ.

சரி, எல்லாவற்றையும்விட நான் கொதித்துப்போனது எப்போதும் ஆன்லைனில் இருக்க வேண்டும் என்று வந்ததில்தான். தனியாக ஒரே ஆள் விளையாடும் கேம், ஆனால் விளையாடி முடிக்கும்வரை கம்பெனி சர்வரோடு தொடுப்பு இருந்துகொண்டே இருக்க வேண்டும். 2010 மார்ச்சில் அசாசின்ஸ் கிரீட் 2-இன் பிசி பதிப்பில் யூபிசாஃப்ட் கம்பெனி இதைக் கொண்டுவந்தது, வந்த சில நாளிலேயே அவர்கள் சர்வர் மீது தாக்குதல் நடந்து, வாங்கியவர்களில் பலர் வாயிலிலேயே நின்றார்கள். 2012 பிப்ரவரியில் அதே நிறுவனம் சர்வரை இடம் மாற்றியபோதும் சில கேம்களுக்கு அதே கதை. அந்த வருட செப்டம்பரில் தான் அந்த முறையைக் கைவிட்டதாகச் சொன்னார்கள்.

அவர்கள் ஊரில் நெட் போவது செய்தி. 2012-இல் எங்கள் ஊரில் கரண்ட் வருவதுதான் செய்தி. சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்கு 10 மணி நேரம், சில நாள் அதற்கும் மேல் வெட்டு. நான் வைத்திருந்ததும் இதே மாதிரி ஆன்லைன் பூட்டு போட்ட வேறொரு கேம். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருந்தது, கரண்ட் போனால் 15 நிமிடம் தாங்கும், ஒரு கட்டத்தை முடித்து சேவ் செய்ய அது தாராளம். ஆனால் மோடம் ஹாலில், அது அந்த நொடியே அணையும், திரையில் கேம் அப்படியே உறைந்து "இணைப்புக்காகக் காத்திருக்கிறது" என்று ஒரு வட்டம் சுற்றும். விசிறி நின்ற அறையில் வியர்த்துக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். யூபிஎஸ்ஸிலிருந்து ஹாலுக்குக் கதவிடுக்கு வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்தேன். அம்மா அதில் தடுக்கி விழப் பார்த்தார். திட்டு வாங்கியும் ஒயரை எடுக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, மோடத்தில் விளக்கு எரிந்தாலும் தெருமுனைக் கேபிள் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் நெட் வராது. அதற்கு எங்கே போய் ஒயர் இழுப்பது?

இதே கேமின் கிராக் பதிப்பைப் பக்கத்துத் தெரு நண்பன் யூபிஎஸ் தீரும்வரை நிம்மதியாக விளையாடினான். அவன் 999 ரூபாய் கொடுக்கவில்லை. அவனுக்கு வட்டம் சுற்றவில்லை.

கடைசியில் நானும் அந்த வழிக்குத்தான் போனேன். காசு கொடுத்து வாங்கிய டப்பாவை அலமாரியில் வைத்துக்கொண்டு, அதற்கே கிராக் தேடி இறக்கினேன். அதில் வைரஸ் இருக்குமோ என்ற பயம் வேறு. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் கம்பெனிகளே இதைச் செய்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்ததும் வெட்கம் போய்விட்டது. 2008-இல் ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2-ஐ டவுன்லோடு செய்து வாங்கியவர்களுக்கு, டிஸ்க்கே இல்லாதபோது டிஸ்க் கேட்டது அந்த கேம். அதைச் சரிசெய்ய யூபிசாஃப்ட் கொடுத்த ஃபைலைப் பிரித்துப் பார்த்தால், ரீலோடட் என்ற கிராக் குழுவின் ஃபைல் அப்படியே இருந்தது.

இப்போது பெட்டியில் இருக்கும் 5-க்கு வருகிறேன். அதில் 2, புதுக் கம்ப்யூட்டருக்கு மாறியதும் போனவை. இந்த வகைக்குப் பின்னால் ஒரு பொதுக் கதை உண்டு. சேஃப்டிஸ்க் வேலை செய்ய செக்டிரைவ் என்ற ஒரு டிரைவர், விண்டோஸின் அடிமடியில், எல்லா அதிகாரத்தோடும் ஓட வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியோடு அதுவும் சேர்ந்தே வந்தது, நீங்கள் கேமே விளையாடாதவராக இருந்தாலும். 2007-இல் அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு மைக்ரோசாஃப்ட் ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த டிரைவரே இல்லை, அதே வருடம் விண்டோஸ் 7, 8-க்கும் ஒரு அப்டேட் அதை நிறுத்திவைத்தது. பாதுகாப்பு என்று பார்த்தால் சரியான முடிவுதான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் டப்பாவை வாங்கியவனுக்கு யார் பதில் சொல்வது?

இன்னும் 2, ஆக்டிவேஷன் சர்வர் மூடப்பட்டவை. ஒன்று, சர்வர் இருக்கிறது, என் அக்கவுண்ட் இல்லை என்கிறது. (அந்த மூன்றாவது புகார் எண் இதற்குத்தான்.) பெரிய பெயர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. ஜிடிஏ 4-இன் பிசி பதிப்பு மைக்ரோசாஃப்டின் கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவோடு கட்டப்பட்டிருந்தது, அந்தச் சேவையை அவர்கள் விட்டுவிட்டதால் புதிதாகச் சாவி உண்டாக்க முடியாமல் 2020 ஜனவரியில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் விற்பனையே நின்றது. இரண்டு மாதத்தில் பூட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள், மல்டிபிளேயர் இல்லாமல். அது ஜிடிஏ என்பதால் யாரோ உட்கார்ந்து சரிசெய்தார்கள். என்னுடையது அவ்வளவு பெரிய கேம் இல்லை.

இப்போதைய பூட்டான டெனுவோ பற்றிக் கேட்பீர்கள். 2014-இல் ஃபிஃபா 15-இலிருந்து இருக்கிறது, பழையதைப் போல டிஸ்க் கேட்காது, டிரைவர் போடாது, பல கேமில் இருப்பதே தெரியாது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் 2021 நவம்பரில் அவர்கள் பயன்படுத்திய ஒரு இணைய முகவரியைப் புதுப்பிக்க மறந்ததில் பல கேம்கள் சில மணி நேரம் திறக்கவில்லை, செட்டாப் பாக்ஸ் ரீசார்ஜ் மறந்த கதைதான். அதே மாதம் இன்டெலின் புது பிராசசர் வந்தது. அதில் இருந்த இரண்டு வகைக் கணக்குப் பகுதிகளை (கோர்) இரண்டு தனிக் கம்ப்யூட்டர் என்று எண்ணி சில கேம்கள் நின்றன. ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் கதை இன்னும் மோசம்: ஜாம்பியைச் சுடும்போதெல்லாம் காசு கொடுத்தவனுக்குத் திணறியது, கிராக் பதிப்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. டெனுவோவுக்கு மேல் கேமைச் செய்த காப்காம் தானும் ஒரு பூட்டுப் போட்டிருந்ததுதான் காரணம் என்று கிராக் செய்தவர் சொன்னார். 2021 ஜூலையில் காப்காம் ஒட்டுப் போட்டதும் சரியானது.

கம்பெனி தரப்பு நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. முதல் சில வாரங்களில் வருவதுதான் பெரும் வசூல், அதுவரை கிராக் வராமல் தாங்கினால் போதும் என்று பார்க்கிறார்கள், சரி. அப்படியென்றால் அந்த வாரங்கள் முடிந்ததும் கழற்றிவிடலாமே. சிலர் கழற்றுகிறார்கள், அவர்களுக்கு என் காசு தாராளமாகப் போகிறது. ஸ்டீமும் ஒரு பூட்டுதான், தெரியும். ஆனால் ஃபார்மேட் அடித்தாலும் மதர்போர்டு போனாலும் பாஸ்வேர்டு போட்டால் கேம் வந்துவிடுகிறது, எவனுக்கும் படமெடுத்து அனுப்ப வேண்டியதில்லை. அந்த வசதிக்காகச் சகித்துக்கொள்கிறேன். 2024 மார்ச் 31-இல் யூபிசாஃப்ட் தி க்ரூ என்ற கேமின் சர்வரை அணைத்து, பிறகு வாங்கியவர்களின் உரிமத்தையே திரும்ப எடுத்தபோது அந்தச் சகிப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது. அதையொட்டித் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது.

இப்போது நான் வாங்கும் விதம் இது. புது கேமை வந்தவுடன் வாங்குவதில்லை, பூட்டைக் கழற்றும்வரை பொறுக்கிறேன். பூட்டில்லாமல் கேம் விற்கும் ஜிஓஜி என்ற ஆன்லைன் கடையில் கிடைத்தால் அங்கேதான், சில நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை, பூட்டில்லாத இன்ஸ்டாலரை அப்படியே இறக்கி 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிடுகிறேன். அந்தத் திறக்காத 5-இல் 3-ஐ ஜிஓஜியில் மறுபடி காசு கொடுத்து வாங்கினேன், மூன்றும் சேர்த்து ஒரு பழைய டப்பா விலைகூட ஆகவில்லை. தம்பி கேட்டான், "அந்த ஹார்ட் டிஸ்க் போச்சுன்னா என்னண்ணா பண்ணுவ?" இன்னொரு நகல் கோயம்புத்தூரில் அப்பாவின் பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.