கலிடோனியா யோல்: காசல்ரீயில் இறங்கிய என் படகு

தேயிலைப் பெட்டி அடித்த தச்சரின் மகன் நான். படகு வடிவமைப்பாளர் இயன் ஓட்ரெட் வரைந்த கலிடோனியா யோல் என்ற இந்தப் பாய்மரப் படகின் வரைபடத்தை வாங்கிய அன்றே திண்ணையில் விரித்துவிட்டேன். நீளம் பத்தொன்பதரை அடி. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுப் படகுகளைப் போல இரு முனையும் கூர். படகுக்கு வடிவம் தரும் அச்சுச் சட்டங்கள் முழு அளவிலேயே வரையப்பட்டிருக்கின்றன. பலகைமேல் வைத்துக் கீறி வெட்டலாம். எவ்வளவு பெரிய உதவி!

தண்ணீரைத் தாங்கும் ஒட்டுப்பலகையான மரைன் பிளைவுட்டின் விலைதான் கடுமை. இலங்கை மலையகத்து நோர்வூட் குளிரில் எப்பொக்சிப் பசை இறுக மறுத்தது. குண்டு பல்புகளை எரியவிட்டுச் படகைச் சாக்கால் மூடினேன்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் காற்று மலையிடுக்கில் சட்டெனத் திரும்பும். அப்போது பாயை இறக்கித் துடுப்பைப் பிடித்தால், இத்தனை நீளப் படகும் என் ஒருவனுக்கு அடங்குகிறது. முதலில் ஏறிய அப்பா அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தார். "ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது, மகன்" என்றார்.