எல்க் வேட்டைக்கு .30-06: பல சீசன் கழித்து என் கணக்கு

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இந்த வருஷம் முதல்முறையாக எல்க் (மாட்டளவு பெரிய மான்) வேட்டைக்குக் கிளம்புகிறார். வேட்டைக் கல்வி வகுப்பு முடித்து சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. அடுத்தது ரைஃபிள். "அண்ணா, .300 வின் மேக் இல்லாட்டி எல்க் விழாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டார். (.300 வின் மேக், அதாவது .300 வின்செஸ்டர் மேக்னம், வெடிமருந்து அதிகம் அடைத்த பெரிய தோட்டா. .30-06, .270 போன்ற பெயர்களும் ரைஃபிள் எந்தத் தோட்டாவைச் சுடும் என்பதைச் சொல்பவைதான்.) வாட்ஸ்அப்பில் பதில் போட ஆரம்பித்து அது நீண்டுகொண்டே போனதால் முழுசாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸில். வேட்டைக்குப் போவது பெரும்பாலும் வால்டன் ஊரைச் சுற்றியுள்ள நார்த் பார்க் பகுதி. சில வருஷங்கள் மீக்கர் பக்கம், ஃப்ளாட் டாப்ஸ் மலை. என்னிடம் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு ஒன்று, 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் ஒன்று. இரண்டிலும் எல்க் எடுத்திருக்கிறேன். கூட வருகிறவர்களிடம் .270, .300 வின் மேக், 6.5 கிரீட்மோர் எல்லாம் உண்டு. அவர்கள் சுட்டதை அறுத்துக் கூறுபோடக் கை கொடுத்தபோது கற்றுக்கொண்டது, என் துப்பாக்கியிலிருந்து கற்றதைவிட அதிகம் என்றே சொல்வேன். குண்டு என்ன செய்தது என்பது தோலை உரிக்கும்போதுதான் தெரியும்.

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். பெண் 225 கிலோ இருக்கும். விலா எலும்பு பெரிய தடை இல்லை. முன்தோள் எலும்புதான் கனம். இதற்குக் கொலராடோ சட்டம் கேட்பது ரொம்பக் குறைவு: குண்டின் விட்டம் .24 அங்குலம், எடை 85 கிரெய்ன் (ஒரு கிராம் என்பது சுமார் 15 கிரெய்ன்), 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல். .243 கூட இதில் தேறிவிடும். வேட்டைக்காரர்கள் வாய்க்கணக்காக வைத்திருப்பது, குண்டு படும் இடத்தில் 1500 அடி-பவுண்டு. அது ஒரு உத்தேசம்தான். இரண்டு நுரையீரலையும் துளைத்துப் போன குண்டுக்கு முன்னால் இந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. குடலில் பட்டால் எந்த மேக்னமும் காப்பாற்றாது.

நார்த் பார்க்கில் பைன் வண்டு அரித்து மரம் மரமாகச் சாய்ந்து கிடக்கும் காட்டுக்குள் ஒரு பெண் எல்க்கை .30-06 கொண்டு சுட்டேன். தூரம் 180 கஜம் இருக்கும். குண்டு, 180 கிரெய்ன் நோஸ்லர் பார்ட்டிஷன். வெடித்த பிறகும் அது தலையைக்கூடத் திருப்பவில்லை, ஒன்றும் நடக்காதது போல நின்றது. எல்க் அப்படித்தான், பட்டதைக் காட்டிக்கொள்ளாது. அதனால் நிற்கிற வரைக்கும் சுட்டுக்கொண்டே இரு என்பது இங்கே பழைய ஆட்கள் சொல்லிக்கொடுப்பது. போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்றுவதற்குள் நாலு எட்டு நடந்தது, பின்னங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டது.

உரிக்கும்போது எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் விரலுக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கீறி எடுத்தால் குண்டு. தோள் எலும்பை உடைத்து, நெஞ்சுக்கூட்டைக் கடந்து, தோலைக் கிழிக்கச் சக்தியில்லாமல் அங்கே நின்றிருக்கிறது. முன்பாதி காளான் மாதிரி விரிந்து ஈயம் தேய்ந்துபோயிருந்தது. நடுவிலுள்ள செம்புத் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பாதி அப்படியே இருந்தது. வெடிமருந்து நிறுக்கிற சின்னத் தராசில் வைத்தால் 120 கிரெய்ன் சொச்சம். மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். ஜான் நோஸ்லர் 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போய், குண்டு உள்ளே இறங்காமல் திண்டாடியதால் யோசித்த வடிவம் இது. 1948 முதல் விற்பனையில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரானதையும் பார்த்தேன். கூட வந்த ஒருவர் 7 எம்எம் மேக்னத்தில் மெல்லிய உறையுள்ள, தூரத்து இலக்குக்கென்று செய்த குண்டு போட்டிருந்தார். ஆண் எல்க் அறுபது கஜத்தில் புதருக்குள்ளிருந்து வெளியே வந்தது. அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு வேகத்தில், குண்டு தோள் எலும்பில் பட்டுச் சிதறிவிட்டது. இரண்டாவது வேட்டில்தான் விழுந்தது. ஒரு முன்னங்கால் முழுக்க ரத்தம் கட்டிக் கறுத்து, இறைச்சி வீண். ஆக, பெட்டியில் மேக்னம் என்று எழுதியிருப்பதைப் பார்ப்பதற்கு முன் உள்ளே என்ன குண்டு என்று பாருங்கள். நல்ல குண்டு போட்ட .270, சுமாரான குண்டு போட்ட .300-ஐவிட மேல். ஜாக் ஓ'கானர் போன்ற வேட்டை எழுத்தாளர்கள் 1925-ல் வந்த அந்த .270-ஐத் தூக்கிக்கொண்டு வாழ்நாள் முழுக்க மலையேறியது சும்மா இல்லை.

சரி, உதைக்கு வருவோம், அதாவது சுடும்போது ரைஃபிள் தோளைப் பின்னால் தள்ளும் விசைக்கு. எட்டு பவுண்டு ரைஃபிளில் 180 கிரெய்ன் .30-06 தோளில் உதைப்பது ஏறக்குறைய 20 அடி-பவுண்டு. .300 வின் மேக் 26-ஐத் தொடும். 6.5 கிரீட்மோர் 12, 13-தான். இருபதுக்கும் இருபத்தாறுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். பானி புல்வெளியில் இருக்கும் பொதுச் சுடுதளத்துக்குப் போய் ஒரு பெட்டி .300 சுட்டுப் பாருங்கள், புரியும். முதல் ஐந்தாறு நன்றாகத்தான் போகும். அப்புறம் வெடிக்கும் முன்பே தோள் தானாக இறுகும், கண் மூடும், குண்டு இடதுபக்கம் கீழே போகும். நண்பரின் .300-ஐ நான் சுட்டபோது கூடவே அவர் சத்தமில்லாமல் வெடிமருந்தே இல்லாத ஒரு போலித் தோட்டாவைக் கலந்து ஏற்றிவிட்டார். ட்ரிகரை இழுத்தேன், க்ளிக் என்று மட்டும் கேட்டது. ரைஃபிள் முனை ஒரு சாண் ஆடியது. அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மலைக்கென்று ஆறரை பவுண்டில் ரைஃபிள் வாங்கி அதில் .300 போட்டால் இது இன்னும் மோசம். குழாய் முனையில் மசில் பிரேக் (வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துளையிட்ட குழல்) போட்டால் உதை குறையும், சத்தம் பக்கவாட்டில் சிதறும். வேட்டையில் யாரும் காதடைப்பான் போட்டுக்கொண்டு நிற்பதில்லை. பிரேக் போட்ட .300-க்குப் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன்.

தட்டையாகப் போகும் என்பதற்காக மேக்னம் வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 200 கஜத்தில் குறிக்கு நேராகப் படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த .30-06, 180 கிரெய்ன் குண்டோடு 300 கஜத்தில் எட்டு அங்குலம் இறங்கும். 400-ல் இருபத்திரண்டு பக்கம். என் 7 எம்எம், 160 கிரெய்ன் குண்டோடு 300-ல் ஏழு, 400-ல் பத்தொன்பது. முந்நூறு வரைக்கும் ஓர் அங்குல வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு பேச்சு. காற்றில் வேண்டுமானால் 7 எம்எம் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். நார்த் பார்க்கின் சேஜ் புதர் வெளியில் பிற்பகல் காற்று அடிக்கும் அடிக்கு அது உதவத்தான் செய்கிறது, அதனால்தான் அந்த ரைஃபிளை விற்காமல் வைத்திருக்கிறேன். ஆனால் என் எல்க்குகளில் பெரும்பாலானவை 250 கஜத்துக்குள் கிடைத்தவை. ஒன்பதாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் மூச்சிரைக்க ஏறி நின்று, இதயம் காதில் அடிக்கும்போது, 400 கஜத்தில் சுடும் துணிச்சல் எனக்கில்லை.

6.5 கிரீட்மோர் பற்றி எப்போதும் சண்டைதான். 2007-ல் வந்தது, முதலில் இலக்குப் போட்டிக்காக. 143 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 2700 அடி வேகத்தில் கிளம்பி, 400 கஜத்தை எட்டும்போது 1500 அடி-பவுண்டுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். நண்பரின் மனைவி இதை வைத்துத்தான் வேட்டையாடுகிறார். 250 கஜத்துக்கு மேல் சுடுவதில்லை, விலாவுக்குத்தான் குறிவைப்பார், தோளைத் தொடமாட்டார். எங்கள் கூட்டத்தில் அவர் எல்க்குக்குத்தான் இரண்டாவது தோட்டா செலவாவது குறைவு. உதை பயம் உள்ளவர்கள் கிரீட்மோரைத் தாராளமாக எடுக்கலாம். எந்தக் கோணத்திலும் சுடலாம் என்று நினைப்பவர்களுக்கு அது ஆகாது.

இரண்டாவது குழந்தை இறைச்சி சாப்பிட ஆரம்பித்ததும் ஈயக் குண்டை விட்டுவிட்டேன். ஈயம் பொடிப்பொடியாகச் சிதறி, காயத்துக்கு வெளியே இருக்கும் தசையிலும் கிடக்கும். கொத்திய கறியில் அது நம் கண்ணுக்குத் தெரியாது. விட்டுவந்த குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அதனால் கேடு. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடைசெய்துவிட்டது. கொலராடோவில் அந்தத் தடை இல்லை. இப்போது .30-06-ல் நான் போடுவது பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ், முழுச் செம்பு, 168 கிரெய்ன். செம்பு ஈயத்தைவிட லேசு, அதே எடையில் குண்டு நீளமாகிவிடும், அதனால் ஒரு படி குறைத்து வாங்குவது வழக்கம். இது பெரும்பாலும் எடை இழக்காமல் மறுபக்கம் வெளியே போய்விடுகிறது. தோலுக்கடியில் தேடி எடுத்துப் பார்க்கும் சுகம் போச்சு. ரத்தத் தடம் மட்டும் இரண்டு பக்கமும் விழுவதால் பனி இல்லாத நாளில் தேடுவது சுலபம். வேகம் குறைந்தால் செம்பு சரியாக விரியாது, அதனால் 300 கஜத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஈயத்திலிருந்து மாறும்போது குழாயை நன்றாகச் சுத்தம் செய்து, ஸ்கோப்பைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். அதே இடத்தில் படும் என்று நம்பிப் போகாதீர்கள்.

நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு விஷயம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. அதனால் உரிமம் முதலில், ரைஃபிள் அப்புறம். பச்சை அட்டை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

புதிதாக வாங்குவதென்றால் நான் .30-06-தான் சொல்வேன், .308-ம் .270-ம் அதற்கு அடுத்து. 7 எம்எம் பிஆர்சி 2022-ல் வந்ததிலிருந்து எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், தோட்டாவும் நல்ல தோட்டாதான். ஆனால் 2020, 21 வாக்கில் அலமாரிகள் காலியாகக் கிடந்த காலம் எனக்கு மறக்கவில்லை. வழியில் தோட்டா தீர்ந்துபோனால் சின்ன ஊர்க் கடையில்கூட 1906-ல் வந்த இந்தப் பழைய தோட்டா ஒரு பெட்டியாவது கிடைத்துவிடும். வாங்கும்போது நாலைந்து பெட்டியை ஒரே லாட் எண் பார்த்து எடுங்கள். லாட் மாறினால் குண்டு படும் இடமும் கொஞ்சம் மாறலாம். கோடையிலேயே வாங்கிவிடுங்கள். அக்டோபர் கடைசியில் இரண்டாம் ரைஃபிள் சீசன் தொடங்கும் சமயத்துக்கு விலையும் ஏறியிருக்கும், நீங்கள் கேட்கும் குண்டும் இருக்காது.