ஆர்டுயினோ ஊனோவுக்கு எதில் சப்ளை கொடுப்பது: ஜாக்கா, வி-இன்னா, 5 வோல்ட் பின்னா?

புரோகிராம் ஏற்றி ஓட்டும் சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டான ஆர்டுயினோ ஊனோ ஆர்3-இல் யூஎஸ்பி, கறுப்பு டிசி ஜாக், வி-இன் பின், 5 வோல்ட் பின் என்று நான்கு இடங்களில் சப்ளை கொடுக்கலாம். எதில் கொடுத்தாலும் எல்இடி எரியும். ரிலேவோ (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சர்வோ மோட்டாரோ சேர்ந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

புரோகிராம் ஏற்றவும் ஓரிரு சென்சார் ஓட்டவும் யூஎஸ்பி போதும். 500 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் போர்டிலுள்ள ஃபியூஸ் தடுத்துவிடும். ஆறியதும் தானே சரியாகும். பவர் பேங்க் மட்டும் கவனம்: லோடு மிகக் குறைவாக இருந்தால் பல மாடல்கள் தாமாகவே அணைந்துவிடும்.

ஜாக்குக்கு 2.1 மில்லிமீட்டர் பிளக், நடுவில் பாசிட்டிவ், 7 முதல் 12 வோல்ட். இந்த 12தான் பலரை ஏமாற்றுகிறது. வரும் வோல்டேஜை 5 வோல்ட்டாகக் குறைக்கப் போர்டிலிருப்பது லீனியர் ரெகுலேட்டர். மிச்ச வோல்டேஜ் முழுவதும் வெப்பமாகத்தான் போகும். 200 மில்லி ஆம்பியர் லோடில் 12 வோல்ட் கொடுத்தால், வழியிலுள்ள டையோடில் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது) போவது போக, ரெகுலேட்டரில் மட்டும் ஏறத்தாழ 1.3 வாட். விரல் வைக்க முடியாது. இன்னும் சூடேறினால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். அதே லோடில் 9 வோல்ட் என்றால் சூடு ஏறத்தாழ பாதிதான். அடாப்டர் புதிதாக வாங்குவதானால் 9 வோல்ட், 1 ஆம்பியர் வாங்குங்கள்.

வி-இன்னும் அதே ரெகுலேட்டருக்குத்தான் போகிறது, ஆனால் டையோடு கிடையாது. பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் காப்பாற்ற எதுவுமில்லை. ஆறு டபுள்-ஏ செல் இதற்குப் பொருத்தம். நான்கு செல் போதாது; சதுர 9 வோல்ட் பேட்டரி சர்வோவுக்கு ஆகவே ஆகாது, உள் மின்தடை அதிகம்.

லோடு அதிகமென்றால் என் ஓட்டு 5 வோல்ட் பின்னுக்குத்தான். எல்எம்2596 பக் கன்வர்ட்டர் மாட்யூலை (அதிகம் சூடாகாமல் வோல்டேஜைக் குறைப்பது) 12 வோல்ட்டில் இணைத்து, போர்டில் இன்னும் இணைக்காமல், மல்ட்டிமீட்டர் வைத்து அதன் திருகை 5.0 வோல்ட் வரும்வரை திருப்புங்கள். பிறகே போர்டில் கொடுங்கள். இங்கே ரெகுலேட்டரும் இல்லை, ஃபியூஸும் இல்லை. 5.5 வோல்ட்டைத் தாண்டினால் சிப்புக்கு ஆபத்து, அதனால் புது ஆல்கலைன் செல் நான்கை நேராகக் கொடுக்கக்கூடாது. இந்தப் பின்னில் சப்ளை இருக்கும்போது யூஎஸ்பியைச் செருகினால் இரண்டு 5 வோல்ட்டும் ஒன்றோடொன்று மோதும். ஜாக்கில் அந்தத் தொல்லை இல்லை: வி-இன் 6.6 வோல்ட்டைத் தாண்டியதும் யூஎஸ்பியைப் போர்டே துண்டித்துவிடும். ஆகவே புரோகிராம் ஏற்றும்போது பக் வயரைக் கழற்றுங்கள்.

சர்வோவின் சிவப்பு வயர் போர்டுக்கு வரவே வேண்டாம். பக்கிலிருந்து நேராக எடுத்து, அதன் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு, கிரவுண்டுகளை மட்டும் ஒன்றாக்குங்கள். கிரவுண்டு சேராவிட்டால் சர்வோ நடுங்கும்.

அனலாக் ரீடிங் எடுப்பவர்களுக்கு இன்னொன்று: மாற்றாதவரை ரெஃபரன்ஸ், அதாவது ரீடிங்கை ஒப்பிடும் அளவுகோல், அந்த 5 வோல்ட்தான். யூஎஸ்பியில் அது 4.7 ஆக இறங்கியிருக்கலாம், ஜாக்குக்கு மாறியதும் 5.0 ஆகும், ஒரே பேட்டரியை அளந்தாலும் எண் 6 சதவீதம் மாறும். எந்த சப்ளையில் நிரந்தரமாக ஓடப்போகிறதோ, அதில் வைத்தே அளவைச் சரிபார்த்து கேலிபிரேட் செய்யுங்கள்.