பள்ளியிலிருந்து வேலைக்கு: எஸ்ஜி எனேபல் திட்டம் யாருக்குப் பொருந்தும்?
சிங்கப்பூரில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் அமைப்பான எஸ்ஜி எனேபலின் ‘பள்ளியிலிருந்து வேலைக்கு’ திட்டம், சிறப்புக் கல்விப் பள்ளியில் இறுதியாண்டை நெருங்கும் பிள்ளைக்கானது. தகுந்தவர்களைப் பள்ளிதான் அடையாளம் காணும். ஆகவே ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இதன் பெரும் பலம் வேலையிட வழிகாட்டி. வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துப் பழக்குவார், மேலாளருக்கும் புரியவைப்பார், பிறகு மெல்ல விலகிக்கொள்வார். வேலை கிடைத்தும் நிலைக்காமல் போவதற்குப் பல நேரம் காரணம் பயணம்தான்: தனியாக எம்ஆர்டி ரயில் மாறத் தெரியாது, தடம் தடைபட்டால் திகைப்பு. பிள்ளையின் பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்காகப் பள்ளி 13 வயதிலிருந்து எழுதும் மாறுநிலைத் திட்டத்திலேயே பயணப் பயிற்சியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வேலைக்குத் தயாராகாத பிள்ளைக்கு இது ஒத்துவராது. அவர்களுக்குப் பகலில் பராமரிப்பும் பயிற்சியும் தரும் பகல்நேர நடவடிக்கை நிலையத்துக்கு 18 வயதுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். இடம் உடனே அமையாது. பலர் மறப்பது இன்னொன்று: 21 வயதானபின், சுயமாக முடிவெடுக்க இயலாத பிள்ளையின் வங்கிக் கணக்கைக் கையாளப் பெற்றோருக்கும் நீதிமன்ற ஆணை தேவைப்படும்.